பெங்களூர்ச் சீட்டு மேசைகள்

பெங்களூருக்கு வரும் தமிழர் பலரும் தவறாது காணும் இடம் அல்சூர் ஏரி. அதன் கரையருகே திருவள்ளுவர் சிலை நிற்கிறது. 1991-ஆம் ஆண்டில் திறக்கப்பட வேண்டியிருந்த அச்சிலை, பதினெட்டு ஆண்டுகள் திரைக்குள் மறைந்திருந்து, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. இரு மாநிலத்தாரும் ஒருவர் புலவரை மற்றவர் மதித்துப் போற்றிய நிகழ்ச்சி அது.

வள்ளுவர் வகுத்த நூற்று முப்பத்து மூன்று அதிகாரங்களுள் தொண்ணூற்று நான்காவது சூது. அதற்கு முன்னே நிற்பது கள்ளுண்ணாமை. பின்னே நிற்பது மருந்து. இவற்றையெல்லாம் நட்பியல் என்னும் பகுதியில் அடக்குவாரும் உளர். சூதும் நட்பும் ஏன் ஒரே பகுதியில் வந்தன என்று ஆராய்ச்சி செய்ய நாம் புகவில்லை. ஆனால் ஊரை விட்டு வந்த இளைஞன் ஒருவன் சீட்டு மேசைக்கு எவ்வாறு போய்ச் சேருகிறான் என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு நண்பன் கையைப் பற்றித்தான் போகிறான். அந்த மேசைகளைப் பற்றி நாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குக் கூற விழைகின்றோம்.

நாம் சீட்டாட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லோம். போக்கர் என்னும் ஆட்டத்தை நண்பர் இல்லங்களில் புளியங்கொட்டையை வைத்து ஆடிக் கற்றோம். பின்னர்ச் சில ஆண்டுகள் மன்றங்களிலும் கைப்பேசியிலும் சிறு தொகைக்கு ஆடினோம். ஒவ்வொரு நாளின் வரவு செலவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தோம். இக்கட்டுரைக்கு அக்குறிப்பேடு பெரிதும் துணை செய்தது.

ஆட்டத்தின் அமைப்பு

நம் ஊர்த் திண்ணைகளில் சீட்டாட்டம் புதிதன்று. மங்காத்தா என்னும் ஆட்டத்தை அறியாத ஊரில்லை. சீட்டு உள்ளே விழுமா, வெளியே விழுமா என்பது முழுதும் தற்செயல். ஆடுபவன் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. ரம்மி அவ்வாறன்று. கீழே போட்ட சீட்டுகளை நினைவில் வைத்தல், எதிரி எதைச் சேர்க்கிறான் என்று உய்த்துணர்தல், எதை விடுவது என்று முடிவு செய்தல் ஆகியவை அதில் உண்டு.

போக்கரில் இன்று பரவலாக ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டம் என்னும் வகை. ஐம்பத்திரண்டு சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் மேசை நடுவில் ஐந்து சீட்டுகள் எல்லாருக்கும் பொதுவாக வைக்கப்படும். முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியில் ஒன்று. இடையிடையே பந்தயம் ஏறும். ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் குவியலைப் பெறுவார். மற்றெல்லாரும் சீட்டை இறக்கி விலகிக்கொண்டால், எஞ்சிய ஒருவர் தம் சீட்டைக் காட்டாமலே குவியலை எடுத்துக்கொள்ளலாம். பாசாங்குக்கு இடம் உண்டாவது இங்கேதான்.

கணக்கில் விருப்பமுடையாருக்கு இந்த ஆட்டம் இனிக்கும். முதலில் வரும் இரண்டு சீட்டுகள் 1,326 வகையாக அமையக்கூடும். அவற்றுள் இரண்டு ஏஸும் சேர்ந்து வருவது 221 முறைக்கு ஒரு முறை. அவ்வாறு வந்தாலும் வெற்றி உறுதியன்று. இரண்டு ஏஸ் வைத்திருப்பவரும் இரண்டு ராஜா வைத்திருப்பவரும் கைப்பணம் முழுவதையும் வைத்து மோதினால், ஏஸ்காரர் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பத்திரண்டு முறை வெல்வார். எஞ்சிய பதினெட்டு முறை தோற்பார். அவர் செய்தது சரியான செயலே. ஆயினும் பணம் போய்விடும். இந்தப் பதினெட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாடியறையில் ஒரு மேசை

அல்சூர் மெட்ரோ நிலையத்தில் கிழக்கு நோக்கி வண்டி ஏறினால் அடுத்த நிலையம் இந்திராநகர். 2013-ஆம் ஆண்டிற்குப் பின் இந்தப் பகுதியிலும் கோரமங்கலம் முதலிய பகுதிகளிலும் போக்கர் மன்றங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை சென்றோம். கீழே நின்றுகொண்டே சிற்றுண்டி அருந்தும் தர்ஷினி. மேலே இரண்டாம் மாடியில் மன்றம். வாயிலில் பெயர் பதிந்தார்கள். வயதுச் சான்று கேட்டார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு நிற நிறமான வில்லைகள் தந்தார்கள். அறையில் குளிரூட்டி இருந்தது, சன்னல் திறக்கவில்லை, சுவரில் கடிகாரம் இல்லை. வெளியே மழை பெய்தது உள்ளே இருந்த எவருக்கும் தெரியாது.

மேசையில் ஒன்பது இருக்கைகள். பச்சைத் துணி விரித்த மேசை. சீட்டுப் போடும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கை நடுங்காமல், கண் விலகாமல், இரண்டு நிமிடத்திற்கு ஒரு பகிர்வு வீதம் போட்டார். இடம் நெருக்கமாயிருந்தது. “சொல்ப அட்ஜஸ்ட் மாடி” என்று ஒருவர் கூற, நாற்காலிகள் நகர்ந்தன. இச்சொல்லை அறியாதார் பெங்களூரில் வாழ்ந்தவர் ஆகார். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் கலந்து ஒலித்தன. பந்தயத் தொகையைக் கூறும்போது மட்டும் எல்லாரும் ஆங்கில எண்ணைச் சொன்னார்கள்.

நமக்கு வலப்புறம் அமர்ந்திருந்தவர் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். பத்துப் பகிர்வுகளில் ஏழெட்டு முறை சீட்டைப் பார்த்தவுடன் இறக்கிவிட்டார். தேநீர் அருந்தினார், பிறர் முகங்களைப் பார்த்தார். யார் நல்ல சீட்டு வந்தால் மூச்சை அடக்குகிறார், யார் பாசாங்கு செய்யும்போது அதிகம் பேசுகிறார் என்பதையெல்லாம் அவர் அறிந்திருந்தார். இதனைத் திறமை என்று கூறாமல் வேறென்ன கூறுவது? நேரில் ஆடும் ஆட்டத்தின் பெருமை இது. கை, கண், குரல், பொறுமை எல்லாம் அங்கே பேசுகின்றன.

இரவு ஒன்பது மணியளவில் அப்பெரியவருக்கு இரண்டு ஏஸ் வந்தன. எதிரே இருந்த இளைஞர் ஒருவருக்கு இரண்டு ராஜா. இருவரும் வில்லைகள் அனைத்தையும் நடுவில் தள்ளினார்கள். நான்கு பொதுச்சீட்டு வரையில் பெரியவரே முன்னிருந்தார். ஐந்தாவதாக ஒரு ராஜா வந்து விழுந்தது. மேசை ஒரு கணம் அமைதியாயிற்று. பெரியவர் “சரி” என்றார். எழுந்து மேலும் ஒரு கோப்பைத் தேநீர் கேட்டார். குவியலை வாரிக்கொண்ட இளைஞர் தம் அருகிலிருந்தவரிடம், “ராஜா வரும் என்று எனக்குத் தெரியும்” என்றார். அது தெரிந்திருக்க வழியே இல்லை. வென்றவன் தற்செயலைத் தன் அறிவென்று எண்ணுவதை அன்று கண்ணாரக் கண்டோம்.

மேசைக் கூலியைப் பற்றியும் கூற வேண்டும். ஒவ்வொரு குவியலிலிருந்தும் மன்றத்தார் ஒரு பங்கை எடுத்துக்கொள்வர். எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். ஒன்பது பேர் ஆளுக்கு 2,000 ரூபாய் கொண்டு வந்தால் மேசையில் 18,000 ரூபாய். மணிக்கு முப்பது பகிர்வு. ஐந்து மணி நேரத்தில் நூற்றைம்பது. சராசரிக் குவியல் 400 ரூபாய் என்றும், கூலி நூற்றுக்கு ஐந்து என்றும் கொண்டால், பகிர்வுக்கு 20 ரூபாய். ஐந்து மணி நேரத்தில் 3,000 ரூபாய் மேசையை விட்டுப் போய்விடும். ஆறில் ஒரு பங்கு! ஒன்பது பேரும் ஒத்த திறமையுடையவராயின் ஒன்பது பேரும் தோற்பர். ஒருவர் வெல்ல வேண்டுமாயின் மற்றவருடைய பணத்தோடு கூலியையும் ஈடு செய்யும் அளவிற்கு அவர் சிறந்திருக்க வேண்டும்.

நம் குறிப்பேடும் இதையே கூறியது. பிறரிடம் வென்றதும் பிறரிடம் தோற்றதும் ஏறத்தாழச் சரியாயிருந்தன. குறைந்தது கூலியின் அளவே. திரைப்படம் பார்ப்பதற்குச் செலவிடுவதுபோல் அதனை எண்ணி, மாதத் தொகை ஒன்றை வரையறுத்துக்கொண்டு ஆடினோம்.

நீதிமன்றங்கள் வகுத்த கோடு

இந்த ஆட்டம் திறமையா, சூதா? இக்கேள்வியின் வரலாற்றில் பெங்களூருக்குப் பழைய தொடர்பு உண்டு.

1950-களில் பெங்களூரில் அச்சாகி வந்த ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்னும் கிழமை இதழ் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தியது. அன்று இது மைசூர் மாநிலம். இதழோ பம்பாய் மாநிலத்தில் மிகுதியாக விற்றது. பம்பாய் அரசு அப்போட்டிக்கு வரி விதிக்க, வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அதுவே சட்டம் பயில்வோர் இன்றும் ஓதும் சமார்பாக்வாலா வழக்கு. 1957 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. சூது வாணிகம் ஆகாது. அரசியலமைப்பு வாணிகத்திற்குத் தரும் உரிமையைச் சூது கோர இயலாது என்று நீதிமன்றம் கூறியது. அதே நாளில் வந்த மற்றொரு தீர்ப்பு, வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த போட்டிகளைச் சூதினின்று பிரித்துக் காட்டியது. ஓர் ஊரில் அச்சான தாள் வேறொரு மாநிலத்து வீட்டிற்குள் நுழைந்ததால் எழுந்த வழக்கு அது. அறுபது ஆண்டுகள் கழித்துக் கைப்பேசியால் எழுந்த வழக்குகளும் அதே வகையின.

அடுத்து, செகந்தராபாத்தில் ஒரு பொழுதுபோக்கு மன்றத்தில் ரம்மி ஆடியோரைக் காவலர் பிடித்த வழக்கு. 1968-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான அத்தீர்ப்பு, சீட்டுகளை நினைவில் வைத்து ஆடும் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றது. ஆனால் மன்றத்தார் அந்த ஆட்டத்திலிருந்தே ஆதாயம் பெறுவாராயின் செய்தி வேறாகும் என்றும் எச்சரித்தது. 1996-இல் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில், குதிரைப் பந்தயமும் திறமையைச் சார்ந்தது என்று உச்சநீதிமன்றம் கூறியது.

கருநாடகத்தில் 1963-ஆம் ஆண்டுக் காவல் சட்டம் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளித்திருந்தது. 2013-இல் கருநாடக உயர்நீதிமன்றம், திறமை ஆட்டமாகப் போக்கரை ஆடும் மன்றங்களுக்கு உரிமம் வேண்டியதில்லை என்னும் பொருள்பட ஆணையிட்டது. இந்திராநகர் மாடியறைகள் தோன்றியது அதன் பின்னரே. எல்லா நீதிமன்றங்களும் ஒரே கருத்துடையன அல்ல. 2017-இல் குசராத் உயர்நீதிமன்றம் போக்கர் சூதே என்றது. ஒரே சீட்டுக் கட்டு ஓர் எல்லைக் கோட்டிற்கு இப்பால் திறமையாகவும் அப்பால் சூதாகவும் இருந்தது!

உலக அரங்கிலும் நம்மவர் பெயர் ஒலித்தது. லாஸ் வேகாஸ் நகரில் 1970 முதல் நடைபெறும் உலகப் போக்கர் தொடரில், 2017-ஆம் ஆண்டு நிபுண் ஜாவா, ஆதித்ய சுசாந்த் ஆகிய இந்தியர் இருவரும் கூட்டு ஆட்டத்தில் வென்று கைவளை பெற்றனர். தங்கப் பதக்கத்தைப் போன்ற மதிப்பு அத்தொடரில் கைவளைக்கு உண்டு. பெங்களூர் இளைஞர் பலர் இச்செய்தியைப் படித்துக் கனவு கண்டனர்.

கைப்பேசிக்குள் புகுந்த மேசை

மாடியறைக்குச் செல்ல மழையில் நனைய வேண்டும். நாலு பேர் முகத்தைப் பார்க்க வேண்டும். கைப்பேசிக்கு அவை வேண்டுவதில்லை. 2003-இல் அமெரிக்கக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் சிறு தொகை கட்டி ஆடி இடம்பெற்று, உலகத் தொடரில் 25 லட்சம் டாலர் வென்றார். அதன்பின் இணையப் போக்கர் உலகெங்கும் பரவியது. இந்தியாவிலும் தளங்கள் பல தோன்றின.

நாமும் ஏறத்தாழ ஈராண்டு அவற்றில் ஆடினோம். நேர் மேசையில் மணிக்கு முப்பது பகிர்வு என்றால், தளத்தில் ஒரே மேசையில் அறுபதுக்கும் மேல் வரும். ஒருவரே ஒரே சமயத்தில் மூன்று நான்கு மேசைகளில் ஆடலாம். மன்றத்தில் ஒரு மாலை முழுவதும் நடப்பது இங்கே ஒரு மணி நேரத்தில் நடந்துவிடும். முகம் இல்லை, குரல் இல்லை. வில்லையைக் கையால் தள்ளும்போது அதன் கனம் தெரியும். திரையில் விரல் தொட்டால் தொகை மறையும். தோற்றவன் எழுந்து நடந்து தேநீர் கேட்கும் அந்த இரண்டு நிமிடம் இங்கே கிடைப்பதில்லை. அடுத்த சீட்டு ஏற்கெனவே வந்துவிடுகிறது. இரவு இரண்டு மணிக்கும் மேசை நிறைந்திருக்கும்.

எதிரே இருப்பது மனிதர்தாமா என்னும் ஐயமும் உண்டு. அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் செய்த லிப்ரேட்டஸ் என்னும் கணினி நிரல் 2017-இல் சிறந்த ஆட்டக்காரர் நால்வரைத் தனித்தனியே வென்றது. 2019-இல் புளூரிபஸ் என்னும் நிரல் அறுவர் மேசையிலும் வென்றது. அத்தகைய நிரல்களின் வழி கற்றவரோடு, அலுவலகத்திலிருந்து களைத்து வந்த இளைஞன் ஆடுகிறான்.

இதனோடு வரிகளும் சேர்ந்தன. 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றித் தொகையில் நூற்றுக்கு முப்பது பிடித்தம். 2023 அக்டோபர் முதல் ஆட்டத்திற்காகச் செலுத்தும் தொகையின்மேல் நூற்றுக்கு இருபத்தெட்டு சரக்கு சேவை வரி. முன்னே கூறிய மேசைக் கூலியோடு இவற்றையும் சேர்த்தால், சிறிது வல்லவரும் வெல்வது அரிதாயிற்று.

அரசுகள் வாளா இருக்கவில்லை. தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. கருநாடகம் 2021 அக்டோபரில் தடை கொண்டுவந்தது. 2022 பிப்ரவரி 14-ஆம் நாள் கருநாடக உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் மீண்டும் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்கள் என்று வகுத்த அதன் அட்டவணையை மட்டும் நீதிமன்றம் நீக்கிற்று. இறுதியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. ஆகஸ்டு 22-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டத்தை, திறமை, தற்செயல் என்ற வேறுபாடின்றி, அது தடுக்கிறது. நடத்துவோரையும் விளம்பரம் செய்வோரையும் அது தண்டிக்கிறது. ஆடுவோருக்குத் தண்டனை வகுக்கவில்லை. நாட்டின் பெரிய தளங்கள் சில நாட்களிலேயே பணவாட்டத்தை நிறுத்தின. அச்சட்டத்தை எதிர்த்துக் கருநாடகம் முதலிய உயர்நீதிமன்றங்களில் எழுந்த வழக்குகள் 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டன.

‘திறமை’ என்னும் சொல்

சட்டத்தின் கதை இவ்வாறு இருக்க, நம்மை வருத்திய ஒன்றை இனிக் கூறுவோம்.

மன்றத்தில் பழக்கமானவர் ஓர் இளைஞர். தருமபுரி மாவட்டத்துக்காரர், மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. ஓர் இரவு மன்றம் முடிந்தபின் சாலையோரக் கடையில் தேநீர் அருந்தினோம். அவர் கைப்பேசியில் ஆடித் தோற்றுக் கடன்பட்டிருந்தார். மூன்று மாதமாக வீட்டிற்குப் பணம் அனுப்பவில்லை. தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று வைத்திருந்த தொகையும் போயிற்று.

“தம்பி, இத்துடன் நிறுத்திக்கொள்ளலாமே” என்றோம்.

“அண்ணா, இது மங்காத்தா அல்ல. திறமை ஆட்டம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. நான் தோற்றதற்குக் காரணம் என் திறமை போதாமை. இன்னும் ஆறு மாதம் பழகினால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன்” என்றார்.

அவர் பேச்சில் பொய்யில்லை, அறியாமையும் அதிகமில்லை. கணக்கில் நம்மைவிட வல்லவர். பரிதாபம் அவர் பற்றியிருந்த சொல்லில் இருந்தது. மங்காத்தாவில் தோற்றவன் நேரம் சரியில்லை என்று கையை உதறிக்கொண்டு எழுந்துவிட முடியும். போக்கரில் தோற்றவன் தன்னையே குறை கூறிக்கொண்டு மேலும் கற்க அமர்கிறான். தேர்வில் தோற்ற மாணவன் மறுமுறை எழுதுவதுபோல் அவனுக்கு அது நல்லொழுக்கமாகவே தோன்றுகிறது. படித்த பிள்ளைகள், உழைத்து முன்னேறிய பிள்ளைகள், இந்த எண்ணத்திற்கு எளிதில் ஆட்படுகிறார்கள். விடாமுயற்சி என்று நாம் வீட்டில் ஊட்டிய பண்பே அங்கே அவர்களைக் கட்டி வைக்கிறது.

நீதிபதிகள் ‘திறமை’ என்ற சொல்லை ஒரு சட்டக் கேள்விக்கு விடையாகக் கூறினர். ஆட்டத்தில் அறிவுக்கு இடமுண்டா என்பதே அங்கே கேள்வி. இடமுண்டு என்பது உண்மை. அந்த அறிவு யாரிடம் இருக்கிறது, கூலியும் வரியும் போக எவ்வளவு மிஞ்சும், ஏஸுக்கு எதிராக ராஜா வந்து விழும் பதினெட்டு முறைகளைத் தாங்க எத்தனை மாதச் சம்பளம் வேண்டும் என்பனவற்றை நீதிமன்றம் ஆராயவில்லை. ஆராய்வது அதன் வேலையுமன்று. விளம்பரக்காரர் அச்சொல்லை மட்டும் பிரித்தெடுத்து இளைஞர் கையில் கொடுத்தனர்.

இன்னொன்றும் உண்டு. தச்சனின் திறமை நாற்காலியைத் தருகிறது. உழவனின் திறமை நெல்லைத் தருகிறது. சீட்டு மேசையில் எவ்வளவு திறமை கூடினாலும் ஒரு ரூபாய் புதிதாகப் பிறப்பதில்லை. ஒருவர் பையிலிருந்து மற்றவர் பைக்குப் போகிறது. வல்லவர் வாழ வேண்டுமாயின் வலியில்லாதவர் நாள்தோறும் வந்து அமர வேண்டும். மேசையைச் சுற்றிப் பார்த்து, இங்கே வலியில்லாதவர் யார் என்று அறிய இயலாவிடில், அது நாமே என்று கொள்வது நலம்.

அந்த இளைஞருக்கு அறிவுரை கூறுவதை நிறுத்தி, நம் குறிப்பேட்டைக் காட்டினோம். தளங்களில் பழைய ஆட்டக் கணக்கைப் பார்க்க வழியுண்டு. அதனைக் கொண்டு அவரும் எழுதத் தொடங்கினார். மறு ஞாயிறு அழைத்து, “அண்ணா, பிறரிடம் தோற்றதைவிடக் கூலிக்குக் கொடுத்ததே அதிகம்” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சில வாரங்களில், தம் தமையனாரிடம் எல்லாவற்றையும் கூறிவிட்டதாகச் செய்தி அனுப்பினார். கடன் தீர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. தங்கையின் கட்டணத்தைத் தமையனார் கட்டினார்.

வீட்டார் செய்யத்தக்கவை

இப்போது இணையத்தில் பணவாட்டம் தடுக்கப்பட்டுவிட்டது. இனிக் கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்கள் தடையை மீறி ஆள் சேர்க்கின்றன. அங்கே போட்ட பணத்திற்குக் கேட்பாரில்லை. நேர் மேசைகளோ இணையச் சட்டத்தின் எல்லைக்குள் வருவன அல்ல. ஆகவே குடும்பங்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

வெளியூரில் தனியறையில் வாழும் பிள்ளை இரவில் உறங்காதிருத்தல், மாதத் தொடக்கத்திலேயே கையில் பணமின்மை, கைப்பேசிவழிக் கடன், வழக்கமாக அனுப்பும் தொகை ஒருமுறை குறைந்து மறுமுறை திடீரென மிகுதல் ஆகியவற்றைக் கண்டால் வினவுங்கள். மிகுந்த தொகை வரும் மாதத்தில் நாம் மகிழ்ந்து வாளா இருந்துவிடுகிறோம். வினவ வேண்டிய மாதம் அதுதான்.

வினவும்போது சூதாடி என்று ஏசாதீர்கள். ஏசினால் மறைப்பான், மறைத்தால் தனிமை கூடும், தனிமையில் மேசைதான் துணை. கணக்கைக் கேளுங்கள். எவ்வளவு போட்டாய், எவ்வளவு வந்தது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதச் செய்யுங்கள். மொத்தக் கடனையும் குடும்பம் ஒரே நாளில் தீர்த்துவிடுவதும் நன்றன்று. புதுப்பணம் கைக்கு வந்தால் பழைய மேசை நினைவிற்கு வரும். கடன் தந்தவருக்கே நேரே தவணையாகச் செலுத்துவது நலம்.

கைவிட முடியாமல் தவிப்பவர்க்கு மருத்துவ உதவியும் இந்நகரிலேயே உண்டு. ஓசூர்ச் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், கைப்பேசி, இணையம் ஆகியவற்றின் மிகைப் பயன்பாட்டால் துன்புறுவோருக்கென 2014-இல் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியது. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணுக்கு நாட்டின் எப்பகுதியிலிருந்தும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இதனை ஒரு நோயாகக் கருதி மருத்துவரிடம் செல்வதில் இழிவு ஒன்றுமில்லை.

ஆட்டத்தின்மேல் நமக்குப் பகையில்லை. விடுமுறை நாளில் மைத்துனரும் மாமாவும் பிள்ளைகளும் சுற்றி அமர்ந்து புளியங்கொட்டைக்குப் போக்கர் ஆடினால், பொறுமையும் கணக்கும் பிறர் முகத்தை அறியும் கலையும் கைவரும். சிரிப்புக்கும் குறைவிராது. ஆட்டம் முடிந்தபின் கொட்டையெல்லாம் சாடிக்குத் திரும்பிவிடும். அத்தகைய மேசையில் நம் இளைஞர் அடிக்கடி அமர்வாராக. அவரை அழைப்பது, ஊரை விட்டு வந்து இந்நகரில் வேரூன்றிய நம் குடும்பங்களின் கடமை.